பழைய வீடும் கல்யாணமும்: கேமரா வாங்கும் முன் எதை எதோடு ஒப்பிடுவது?

செட்டிநாட்டுப் பள்ளத்தூரிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். கையில் ஒன்றரை லட்சம் ரூபாய் இருக்கிறது. ஐயா கட்டிய வீட்டைப் பங்காளிகள் சேர்ந்து இடித்து விற்க முடிவு செய்துவிட்டார்கள். அதற்குள் முகப்பிலிருந்து அடுப்படி வரை எல்லாவற்றையும் படமெடுத்து வைக்க வேண்டும். பிறகு அதே கேமராவில் கல்யாண ஆர்டரும் பிடிக்கலாம் என்று எண்ணம். சோனி ஏ6700, கேனான் ஆர்7, நிகான் இசட்50 இரண்டாம் மாடல், இந்த மூன்றில் எது? படம் திருத்த லைட்ரூம் மென்பொருளுக்குச் சந்தா கட்டுவதா, இலவச மென்பொருள் போதுமா? இதுதான் அவர் கேட்டது.

இதில் இரண்டு கேள்விகள் முடிச்சுப் போட்டுக் கிடக்கின்றன. வீடு நகராது. ஒரு தூணுக்கு முன்னால் அரை மணி நேரம் நின்றாலும் கோபித்துக்கொள்ளாது. கல்யாணத்தில் திருப்பூட்டும் நேரம், அதாவது தாலி கட்டும் நேரம், சில நொடிதான். விட்டால் போயிற்று, "மாப்பிள்ளை, இன்னொரு தடவை பூட்டுங்கள்" என்று கேட்க முடியாது. முதல் வேலைக்கு உயிராக இருப்பது இரண்டாம் வேலைக்கு ஒரு பொருட்டே இல்லை. இரண்டையும் ஒரே தட்டில் வைத்து எடை போட்டால் மூன்று பாடியும் (லென்ஸ் இல்லாத கேமரா) மாறி மாறி ஜெயிக்கும், நீங்கள் மூன்று மாதம் யூட்யூப் பார்த்துக்கொண்டிருப்பீர்கள். அதனால் பிரித்துப் பிரித்துச் சொல்கிறேன்.

காரைக்குடியில் ஸ்டூடியோ வைத்து இருபத்திரண்டு வருடம் ஆகிறது. ஃபிலிமில் தொடங்கியவன். சொந்தக் காசில் வாங்கி உழைத்தது நிகானும் கேனானும். சோனியை நண்பர்களிடம் இரவல் வாங்கியும் வாடகைக்கு எடுத்தும் கல்யாணம் எடுத்திருக்கிறேன். ஃபூஜியில் காசு வாங்கிக்கொண்டு ஒரு வேலையும் செய்ததில்லை, அதனால் அதைப் பற்றிப் பேசவில்லை. சினிமா அளவு வீடியோவும் என் துறை இல்லை.

முதலில் வீடு. ட்ரைபாடில் வைத்து, ஐஎஸ்ஓ (சென்சாரின் ஒளி உணர்வு) 100-ல், எஃப் (லென்ஸின் திறப்பு) 8-ல் எடுத்தால் நீங்கள் சொன்ன மூன்று கேமராவின் படத்தையும் பெயரை மறைத்து வைத்துக் காட்டினால் என்னாலும் சொல்ல முடியாது எது எதனுடையது என்று. இது உறுதி. இங்கே வித்தியாசத்தைக் காட்டப் போவது லென்ஸும் ட்ரைபாடும். கணக்குப் போட்டுப் பாருங்கள். பட்டாலையில் (முன்கூடத்தில்) சுவரோடு சுவராக ஒட்டி நின்றாலும் எதிர்ச்சுவர் பன்னிரண்டு அடிதான் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். சோனி, நிகான் ஏபிஎஸ்-சி (மூன்று கேமராவிலும் உள்ள சிறிய வகை) சென்சாரின் அகலம் சுமார் 23.5 மி.மீ. 18 மி.மீ. லென்ஸில் அந்தத் தூரத்திலிருந்து பதினைந்தரை அடி அகலம்தான் விழும். 12 மி.மீ. என்றால் இருபத்திமூன்றரை அடி. 10 மி.மீ. என்றால் இருபத்தெட்டு அடி. கேனான் சென்சார் கொஞ்சம் சிறியது, 22.3 மி.மீ.தான், அதில் 10 மி.மீ. லென்ஸுக்கு இருபத்தேழு அடிக்குச் சற்றுக் குறைவாக வரும். கேமராவோடு பெட்டியில் வரும் லென்ஸோடு போனீர்கள் என்றால் வளவின் (உள்முற்றத்தின்) நாலு தூணில் இரண்டுதான் ஃபிரேமுக்குள் வரும். எனவே ஒப்பிட வேண்டியது, அந்தந்த மவுண்டில் (லென்ஸ் மாட்டும் வாய்) அகல லென்ஸ் என்ன இருக்கிறது, என்ன விலை என்பதை. நிகானில் 12-28, கேனானில் 10-18, சோனியில் 10-20. சிக்மாவின் 10-18 எஃப் 2.8 சோனிக்கும் கேனான் ஆர்எஃப் மவுண்டுக்கும் கிடைக்கிறது. மூன்று பக்கமும் வழி இருக்கிறது, விலைதான் வேறு வேறு.

அடுத்தது மட்டம். அகல லென்ஸை அண்ணாந்து பிடித்தால் பர்மாத் தேக்குத் தூண்கள் எல்லாம் மேலே போய் ஒன்றோடொன்று சாய்ந்துகொள்ளும். அதை மென்பொருளில் நிமிர்த்தலாம், ஆனால் நிமிர்த்தும்போது ஓரங்கள் வெட்டுப்படும், மேல்பக்கம் இழுபட்டுத் தெளிவு குறையும். கொத்தனார் ரசமட்டம் வைப்பது போலக் கேமராவை மட்டமாக வைத்து, உயரம் வேண்டுமென்றால் ட்ரைபாடை ஏற்றுங்கள். மூன்று பாடியிலுமே திரையில் மட்டம் காட்டும் கோடு உண்டு. ஆயிரத்து ஐந்நூறு ரூபாய் ட்ரைபாட் காற்றுக்கே ஆடும், அது வேண்டாம். கேமரா எடையைப் போல் இரண்டு பங்கு தாங்கும் என்று எழுதியிருப்பதை நம்பாமல், கடையில் கால்களை முழுதாக நீட்டி, தலையைத் தட்டிப் பாருங்கள். அதிர்வு எத்தனை நொடியில் அடங்குகிறது என்பதுதான் சோதனை.

வெளிச்சம்தான் செட்டிநாட்டு வீட்டில் உண்மையான தலைவலி. மதியம் வளவில் வெயில் கொட்டும், இரண்டு அடி தள்ளி இரட்டை வீட்டுக்குள் (வளவை ஒட்டிய அறைகளுக்குள்) கும்மிருட்டு. எந்த சென்சாரும் ஒரே சொடுக்கில் இரண்டையும் முழுதாக வாங்காது. இரண்டு ஸ்டாப் இடைவெளியில் (ஒரு ஸ்டாப் என்றால் வெளிச்சம் இரு மடங்கு) மூன்று அல்லது ஐந்து படம் எடுத்து ஒட்டுங்கள். அதைவிட நல்லது காலை ஏழு மணிக்கும் மாலை ஐந்துக்குப் பிறகும் எடுப்பது. ஆத்தங்குடிக் கல் தரை எண்ணெய் போட்டுத் துடைத்தது மாதிரி பளபளக்கும். பார்க்க அழகு, படத்தில் வெள்ளைத் திட்டு. ஒரு போலரைசர் ஃபில்டரைச் சுற்றினால் அந்தப் பளபளப்பு இறங்கி, சிவப்பும் பச்சையும் மேலே வரும். கண்ணாடி போட்ட படங்களுக்கும் இது உதவும். பித்தளை, வெண்கலம் போன்ற உலோகத்தின் பிரதிபலிப்புக்கு உதவாது, அது இயற்பியல், கேமராவின் குறை இல்லை. ஆனால் மிக அகலமான லென்ஸில் வானத்தோடு சேர்த்து எடுக்கும்போது போலரைசர் வானத்தில் பாதியை மட்டும் கறுக்கடிக்கும், அப்போது கழற்றிவிடுங்கள். நிலைவாசல் சிற்பங்களுக்கு நேர் எதிரே ஃப்ளாஷ் அடித்தால் எல்லாம் தட்டையாகிவிடும். ஒரு டார்ச்சைப் பக்கவாட்டில், மரத்தோடு ஏறக்குறைய ஒட்டிப் பிடித்து இரண்டு நொடி எக்ஸ்போஷர் கொடுங்கள், உளி போன தடம் தெரியும். அதோடு ஒவ்வொரு அறையிலும் முதல் படத்தில் ஒரு சாம்பல் அட்டையும் அடிக்கோலும் வைத்து எடுங்கள். நிறமும் அளவும் பின்னால் சண்டை போடாமல் கிடைக்கும்.

இப்போது கல்யாணம். இங்கே நான் முதலில் பார்ப்பது, ஒரே படத்தை இரண்டு கார்டிலும் எழுதிவைக்க உதவும் இரண்டாவது கார்டு ஸ்லாட். மெகாபிக்சல் எல்லாம் பிறகு. நீங்கள் சொன்ன மூன்றில் ஆர்7-க்கு மட்டும்தான் இரண்டு ஸ்லாட். கார்டு பழுதாவது அபூர்வம்தான், ஆனால் அது யார் வீட்டுக் கல்யாணத்தில் நடக்கும் என்று கார்டு முன்கூட்டிச் சொல்வதில்லை.

இரண்டாவது ஷட்டர். இதை நான் அடிபட்டுத்தான் கற்றுக்கொண்டேன். ஒரு மண்டபத்தில், சத்தம் வரக்கூடாது என்று எலெக்ட்ரானிக் ஷட்டரைப் போட்டுவிட்டு முழு முகூர்த்தத்தையும் எடுத்தேன். வீட்டுக்கு வந்து பார்த்தால் படத்துக்குப் படம் குறுக்கே வரி வரியாகக் கறுப்புப் பட்டை, பெண்ணின் கண்டாங்கிச் சேலையில் நெய்யாத பட்டையெல்லாம் விழுந்திருந்தது. நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், அதனால் மலிவான எல்இடி விளக்குகள் நொடிக்கு 100 முறை மங்கி மங்கி எரியும். கண்ணுக்குத் தெரியாது. எலெக்ட்ரானிக் ஷட்டர் சென்சாரை மேலிருந்து கீழே வரி வரியாக வாசிப்பதால் அந்த மங்கல் பட்டையாகப் பதிந்துவிடும். மெக்கானிக்கல் ஷட்டரைப் போட்டு, 1/50 அல்லது 1/100 நொடியில் எடுத்தால் பெரும்பாலும் தப்பிக்கலாம். மேடை அலங்காரத்துக்குப் போடும் வண்ண எல்இடி வேறு வேகத்தில் துடிக்கும், அதற்கு இந்தக் கணக்கு ஒத்துவராது, அங்கேயே நாலு படம் எடுத்துச் சோதிக்க வேண்டும். மூன்று பாடியிலும் மெக்கானிக்கல் ஷட்டர் இருக்கிறது, நல்லது. ஆனால் வீடியோக்காரர்களுக்காக வரும் சில பாடிகளில், உதாரணமாக சோனி இசட்வி-இ10 இரண்டாம் மாடலில், அது கிடையாது. கடைக்காரர் அதை எடுத்து நீட்டினால் இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

பாடிக்குள் இருக்கும் ஆட்டத் தடுப்பு ஏ6700-லும் ஆர்7-லும் உண்டு, இசட்50-ல் இல்லை. அது உங்கள் கை ஆடுவதைத்தான் தடுக்கும், மாப்பிள்ளை தலை ஆடுவதைத் தடுக்காது. முகத்தைப் பிடித்துத் தொடரும் ஆட்டோஃபோகஸ் மூன்றிலும் கல்யாணத்துக்குப் போதும். எது மேல் என்று கேட்டால் எனக்கு சோனி ஒரு சுற்று முன்னால் தெரிகிறது, ஆனால் இது இரவல் கேமராவில் சில நாள் பழகிய அபிப்பிராயம். இன்னொருவர் வேறு சொல்வார், ஃபர்ம்வேர் (கேமராவுக்குள் இருக்கும் மென்பொருள்) மாறினால் இருவர் சொன்னதும் மாறும்.

மெகாபிக்சலுக்கு ஒரே ஒரு கணக்கு போதும். ஆல்பம் லேபில் வழக்கமாகப் போடும் பக்கம் 12-க்கு 18 அங்குலம். அங்குலத்துக்கு 300 புள்ளி என்றால் 5400-க்கு 3600. மூன்றில் குறைந்தது இசட்50 இரண்டாம் மாடல், 20.9 மெகாபிக்சல், 5568-க்கு 3712. ஒரு பக்கம் முழுக்க ஒரே படத்தைப் போட்டாலும் போதும். ஆர்7-ன் 32.5 மெகாபிக்சல் வெட்டி எடுக்க வசதி, ஹார்ட் டிஸ்க்குக்குத் தண்டனை.

சரி, எப்படி ஒப்பிடுவது? இணையத்தில் டிபிரிவ்யூ தளத்தில் ஒரே காட்சியைப் பல கேமராவில் எடுத்துப் பக்கத்தில் வைத்துப் பார்க்கும் வசதி இருக்கிறது, நல்ல வசதி. ஆனால் அதில் பெரும்பாலானோர் செய்யும் தப்பு, 33 மெகாபிக்சலையும் 21 மெகாபிக்சலையும் நூறு சதவீதத்தில் பெரிதாக்கிப் பார்ப்பது. பெரிய ஃபைலை அதிகமாகப் பெரிதாக்குகிறீர்கள், அதனால் அதில் இரைச்சல் (படத்தில் மணல் தூவியது போன்ற புள்ளிகள்) அதிகமாகத் தெரியும். இரண்டையும் ஒரே அச்சு அளவுக்குக் கொண்டுவந்து பாருங்கள், பாதிச் சண்டை தீர்ந்துவிடும். அதைவிட நல்லது உங்கள் சொந்த கார்டை எடுத்துக்கொண்டு மதுரைக்கோ திருச்சிக்கோ ஒரு நாள் போவது. கடையில் மூன்று பாடியையும் வாங்கி, உங்கள் கார்டைப் போட்டு, ஒரே இடத்தில் நின்று, ஐஎஸ்ஓ 100, 1600, 6400 மூன்றிலும் ரா ஃபைல் (கேமரா மெருகேற்றாத மூல ஃபைல்) எடுங்கள். கடையின் கூரை எல்இடியே ஷட்டர் சோதனைக்குப் போதும். மூலையில் இருட்டில் நிற்கும் பையனை ஃபோகஸ் செய்து பாருங்கள். வ்யூஃபைண்டரில் பத்து நிமிடம் கண் வைத்துப் பாருங்கள், கண்ணாடி போட்டவர்களுக்கு இது பெரிய விஷயம். எடுக்க விடாத கடையில் வாங்காதீர்கள். இந்திய வாரன்டி அட்டையும் ஜிஎஸ்டி பில்லும் இல்லாமல் பத்தாயிரம் குறைத்துத் தருகிறேன் என்றால் அந்தப் பத்தாயிரம் உங்கள் சர்வீஸ் செலவு.

பழைய லென்ஸ் வாங்குவதானால் ஒரு எச்சரிக்கை. நிகானின் பழைய ஏஎஃப்-டி வகை லென்ஸுக்குள் மோட்டார் கிடையாது, பாடியிலிருக்கும் மோட்டார்தான் அதைச் சுற்ற வேண்டும். வருடக்கணக்கு முன்பு ஒரு கடையில் "பொருந்தும்ணே" என்றார்கள், வாங்கி வந்தேன். பொருந்தியது, ஃபோகஸ்தான் ஆகவில்லை, என் பாடியில் அந்த மோட்டாரே இல்லை. இசட் மவுண்டுக்கு எஃப்டிஇசட் அடாப்டர் போட்டாலும் அந்த வகை லென்ஸ் கையால் ஃபோகஸ் செய்தால்தான் உண்டு. வீட்டுக்கு எடுக்க அது பரவாயில்லை, கல்யாணத்துக்கு ஆகாது. எந்தப் பழைய லென்ஸையும் போன் டார்ச்சைப் பின்பக்கம் பிடித்து உள்ளே பாருங்கள். சிலந்தி வலை மாதிரி மெல்லிய கோடு தெரிந்தால் பூஞ்சை, விலை எவ்வளவு குறைந்தாலும் வேண்டாம். பாடியானால் எஃப் 16-ல் வானத்தை ஒரு படம் எடுத்தால் சென்சாரின் அழுக்கு புள்ளி புள்ளியாக வந்துவிடும்.

மென்பொருளுக்கு வருவோம். இதில் ஆட்கள் பெயரை வைத்துச் சண்டை போடுகிறார்கள், வேலையை வைத்து ஒப்பிடுவதில்லை. கடையில் எடுத்த ரா ஃபைல்களோடு, இணையத்தில் கிடைக்கும் வீட்டு உள்ளறை ரா படங்கள் சிலவற்றையும் சேர்த்து இருபது ஃபைல் வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு மென்பொருளிலும் நாலே வேலை செய்து பாருங்கள்: தூணை நிமிர்த்துவது, ஐந்து படத்தை ஒன்றாக ஒட்டுவது, ஐஎஸ்ஓ 6400 இரைச்சலை அடக்குவது, நூறு படத்தில் பத்தைப் பொறுக்குவது. லைட்ரூம், கேப்சர் ஒன், டிஎக்ஸ்ஓ ஃபோட்டோலேப் எல்லாவற்றுக்கும் சில நாள் இலவசச் சோதனை உண்டு.

என் அனுபவத்தில் பொறுக்கி எடுப்பதும் எச்டிஆர் ஒட்டுவதும் (வெளிச்சம் மாற்றி எடுத்த படங்களை ஒன்றாக்குவது) தூண் நிமிர்த்துவதும் ஒரே இடத்தில் நடப்பது லைட்ரூம் கிளாசிக்கில். சந்தா மட்டும்தான், ஒரே தடவை காசு கொடுத்து வாங்கும் கடைசிப் பதிப்பு 2015-ல் வந்த லைட்ரூம் 6. யாரோ சிடியில் கொடுத்தார்கள் என்று அதைப் போட்டால் உங்கள் புது கேமராவின் ரா ஃபைலை அது திறக்காது. லைட்ரூமைச் செய்யும் அடோபியின் இலவச டிஎன்ஜி கன்வெர்ட்டர் வழியாக மாற்றிக்கொண்டால் திறக்கும். சந்தாவை நிறுத்தினால் படங்கள் போய்விடும் என்று பயமுறுத்துவார்கள், அப்படி இல்லை. படங்களைப் பார்க்கலாம், ஏற்றுமதி செய்யலாம், ஆனால் திருத்தம் செய்யும் டெவலப் பகுதி பூட்டிக்கொள்ளும். நீங்கள் செய்த திருத்தத்தை இன்னொரு மென்பொருள் அப்படியே புரிந்துகொள்ளாது என்பதுதான் உண்மையான சிக்கல். ஐயா வீட்டுப் படங்களைப் பேரன் பார்க்க வேண்டுமானால், முடித்த ஒவ்வொன்றையும் 16 பிட் டிஃப் ஃபைலாகவும் (பல மென்பொருள்கள் திறக்கும் பொது வகை) எடுத்து வைத்துவிடுங்கள்.

இலவசமாக டார்க்டேபிள் இருக்கிறது. தூண் நிமிர்த்துவதிலும் நிறத்திலும் அது சந்தா மென்பொருளுக்குக் குறைந்ததில்லை, ஆனால் முதல் ஒரு மாதம் உங்களை அழவைக்கும். குறுகிய தெருவில் முகப்பு முழுவதும் ஒரே ஃபிரேமில் அடங்காதபோது நாலைந்து படத்தை ஒட்ட ஹக்கின் என்ற இலவச மென்பொருள் இருக்கிறது, நான் இன்றும் பயன்படுத்துகிறேன். கேமரா கம்பெனிகளே இலவசமாகத் தரும் நிகான் என்எக்ஸ் ஸ்டூடியோ, கேனான் டிபிபி போன்றவை அந்தந்த ராவை மட்டும் திறக்கும், நிறம் கேமராத் திரையில் கண்டதற்கு மிக அருகில் வரும். 2025 அக்டோபரிலிருந்து அஃபினிட்டியும் இலவசம், அது அடுக்கு அடுக்காக ஒரு படத்தைத் திருத்த நல்லது, மூவாயிரம் படத்தை நிர்வகிக்க அல்ல. வீட்டு வேலைக்கு இலவசமே போதும். மாதத்துக்கு இரண்டு கல்யாணம் என்று ஆகும்போது, நேரம் காசாகும், அன்றைக்குச் சந்தா கட்டுங்கள்.

ஏஐ இரைச்சல் நீக்கி எல்லோரையும் மயக்கும் விஷயம். லைட்ரூமில் 2023-ல் வந்தது, உண்மையிலேயே நன்றாக வேலை செய்கிறது. ஆனால் கிராஃபிக்ஸ் கார்டு இல்லாத மடிக்கணினியில் ஒரு படத்துக்கு மூன்று நிமிடம் பிடித்தால் முந்நூறு படத்துக்குப் பதினைந்து மணி நேரம். எனவே மென்பொருளைச் சோதிப்பது உங்கள் கணினியில்தான் நடக்க வேண்டும், கடைக்காரர் கணினியில் அல்ல. மலிவான மடிக்கணினித் திரைகள் பல எஸ்ஆர்ஜிபி என்ற பொது நிற வரம்பில் அறுபது சதவீதம்தான் காட்டும். அதில் பார்த்து ஆத்தங்குடிச் சிவப்பைத் திருத்தினால் ஆல்பத்தில் ரத்தச் சிவப்பாக வரும். எஸ்ஆர்ஜிபி முழுதாகக் காட்டும் ஒரு தனி மானிட்டர், பாடியை ஒரு படி உயர்த்துவதைவிட உங்கள் படத்தை அதிகம் மாற்றும்.

உங்கள் இடத்தில் நான் இருந்தால் என்ன செய்வேன்? ஏ6700, ஆர்7 இரண்டில் எதை எடுத்தாலும் பாடியே பணத்தின் பெரும்பகுதியைச் சாப்பிட்டுவிடும், அப்புறம் அகல லென்ஸும் ட்ரைபாடும் எங்கிருந்து வரும்? வீடுதான் அவசரம் என்பதால் இசட்50 இரண்டாம் மாடல், 12-28, உறுதியான ட்ரைபாட், போலரைசர், ஒரு மானிட்டர், இரண்டு ஹார்ட் டிஸ்க் என்று போவேன். டிஸ்க்கில் ஒன்று உங்கள் வீட்டில், மற்றொன்று சென்னையிலோ சிங்கப்பூரிலோ இருக்கும் அக்கா வீட்டில். கல்யாணத்துக்கு முதல் ஒரு வருடம் யாராவது அனுபவமுள்ளவருக்கு இரண்டாம் ஆளாகப் போங்கள். அப்போது கார்டு போனாலும் முதல் ஆளிடம் படம் இருக்கும். பிறகு இரண்டு ஸ்லாட் உள்ள பாடி வாங்குங்கள், அதே மவுண்டில் 2020-ல் வந்த நிகான் இசட்5 செகண்ட் ஹேண்டில் கிடைத்தால் கூடப் போதும், ஆட்டோஃபோகஸ் புதியவற்றைவிட மெதுவாக இருக்கும் என்று தெரிந்தே வாங்குங்கள். 12-28 லென்ஸ் அந்த ஃபுல் ஃபிரேம் (பெரிய சென்சார்) பாடியில் முழு சென்சாரையும் நிரப்பாது, அதையும் கணக்கில் வையுங்கள். மாறாக, முதல் ஆளாக ஒரு கல்யாண ஆர்டர் ஏற்கெனவே கையில் இருக்கிறது என்றால் என் பதில் மாறும்: ஆர்7-ஐ வாங்கிக்கொண்டு அகல லென்ஸை நாலு நாள் வாடகைக்கு எடுங்கள்.

ஒரு விஷயம் மட்டும் கேமரா வரும்வரை தள்ளிப்போட வேண்டாம். வியாபாரி முன்பணம் கொடுத்துவிட்டால் முதலில் வண்டி ஏறுவது நிலையும் கதவும் தூணும்தான், காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவின் பழம்பொருள் கடைகளில் போய்ப் பார்த்தால் தெரியும். பங்காளிகளின் விற்பனைப் பேச்சு எந்த நிலையில் இருக்கிறது என்று நீங்கள் எழுதவில்லை. பேச்சு முற்றியிருந்தால் நாளைக் காலையே போனை ஒரு ஸ்டூலில் சாய்த்து வைத்து, முகப்பு நிலையிலிருந்து ஆரம்பித்துவிடுங்கள். எடுத்த படங்களில் நாலைந்தை இங்கே போடுங்கள், லென்ஸ் எவ்வளவு அகலம் வேண்டும் என்பதை அதைப் பார்த்தே சொல்லிவிடலாம்.